முப்பத்தெட்டாம் இலக்க வீட்டில் இருந்தவர்கள்

2024 மே மாதம் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் 38ஆம் இலக்க வீட்டுக்குக் காஸ் மீற்றர் பார்க்க வந்த பெண், அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வாசற்படியை விட்டு நகரவில்லை. அவள் மணியை அடித்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு. மரியரட்ணம், வயது அறுபத்தொன்பது, முன் அறையில் ஜன்னலைப் பார்த்த கதிரையில், மடியில் நீலக் கோப்புடன். அவருடைய மனைவி கிளடிஸ், குசினி மேசையின் சுவரோரப் பக்கத்தில், வெங்காயம் உரித்தபடி. கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த மஃரூப், கட்டில் விளிம்பில், வேலைச் சப்பாத்துக்குக் கயிறு கட்டியபடி. அவனுடைய மனைவி றசீனா, பேஸ்மென்ட் படிக்கட்டில் கீழிருந்து மூன்றாவது படியில், கைப்பிடியில் தலையைச் சாய்த்தபடி. விடிந்ததிலிருந்து அவளுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குள் பத்துக் கிழமை வயதில் இன்னொருத்தி. அவளையும் சேர்த்தால் ஐந்து பேர். மரியரட்ணத்தைக் கேட்டால் இரண்டு பேர் என்பார். கேட்டவர் யாராக இருந்தாலும், எந்தப் படிவமாக இருந்தாலும், பதின்மூன்று வருடமாக அந்த வீட்டில் இரண்டு பேர்தான்.

மீற்றர் கொம்பனியின் சொத்து. அது வீட்டுக்குள் இருந்தால் குறித்த காலத்துக்கு ஒருமுறை கொம்பனியின் ஆள் உள்ளே வந்து பார்த்தே ஆகவேண்டும். வீட்டுக்காரர் கதவைத் திறந்தே ஆகவேண்டும். திறக்காவிட்டால் மூன்று அறிவித்தல், அதற்கு மேல் காஸ் நிறுத்தப்படும். இவ்வளவும் அறிவித்தலில் தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் 38ஆம் இலக்கம் ஐம்பதுகளில் கட்டிய வீடு. காஸ் குழாய் முன் வாசற்படிக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி, வளைந்து, சுவருக்குள் போய், பேஸ்மென்டில் ஒரு அலுமாரிக்குள் இருந்த மீற்றரில் முடிந்தது. அந்த அலுமாரியின் கதவில் றசீனாவின் அபாயாக்கள் தொங்கின. மீற்றரைப் பார்க்க வருகிறவர் அதற்கு முதல் கட்டிலையும், இரண்டு தலையணைகளையும், மின்னடுப்பையும், அரிசிப் பையையும் பார்க்க வேண்டும். அந்த பேஸ்மென்டுக்கு நகரசபை அனுமதி எடுக்கப்படவில்லை. எடுக்கப் போனால் சுவரை உடைத்து இன்னொரு ஜன்னல் வைக்கச் சொல்வார்கள். அதுவரைக்கும் ஒருவரும் இருக்கக் கூடாது என்பார்கள். ஒரு சொல் வெளியே போனால் மஃரூபும் றசீனாவும் பிறக்கப்போகும் பிள்ளையும் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ரொறன்ரோவில் அந்த வருடம் வீடு தேடியவர்களுக்கு அதன் கருத்து விளங்கும்.

இது ஒன்று. மற்றது, மரியரட்ணத்துக்கு வாசலில் வந்து நிற்கிறவர்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. 2016ஆம் ஆண்டு கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தமிழ்ப் பெடியன் வந்து, அங்கிள் அங்கிள் என்று தேன் ஒழுகப் பேசி, சுடுதண்ணி ராங்கில் காஸ் கசிகிறது, உங்கட உயிர்தான் எனக்கு முக்கியம் என்று சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பழைய ராங்கையும் கழற்றிக்கொண்டு போனான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பெயரே கேள்விப்படாத ஒரு கொம்பனி மரியரட்ணத்தின் வீட்டு உறுதியில் கடன்காரனாக ஏறி உட்கார்ந்திருந்தது. அதை இறக்க நாலு வருடமும் முப்பத்தொரு கடிதமும் பிடித்தன. இறக்கினார். ஊர்காவற்துறையில் படித்த பள்ளிக்கூடத்தில் கடிதத்துக்கு வலப்பக்கம் திகதி, இடப்பக்கம் விலாசம், நடுவில் விடயம், கீழே கோடு என்று பழக்கியிருந்தார்கள். இங்கே ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியின் மெயில் ரூமில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் வரவேண்டும் என்பதையும் பழகியிருந்தார். எழுத்தில் இல்லாத ஒன்று நடக்கவில்லை என்பது அவருடைய முடிவு.

அவர் கதவைச் சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தார். மஞ்சள் மேலாடை, கனத்த சப்பாத்து, இடுப்பில் ஆயுதப் பை. இருபத்தேழு வயது இருக்கும்.

"குட் மோர்னிங் அங்கிள். காஸ் மீற்றர் பாக்க வந்தனான். என்ர பேர் அட்சயா."

"தமிழோ?"

"ஓம் அங்கிள்."

"அப்ப கட்டாயம் கடிதம் வேணும்," என்று மரியரட்ணம் கதவைச் சாத்தினார்.

அவள் கோபப்படவில்லை. காத்திருக்கும்போது குனிந்து குழாயைப் பார்த்தாள். வளைவுக்குக் கீழே ஒரு மயிரிழை வெடிப்பு இருப்பதைக் கண்டாள். காதை வைத்துக் கேட்டாள். வலது பெருவிரலை அதன்மேல் வைத்தாள். பிறகு கதவைப் பார்த்து, "அங்கிள், இதில ஒரு சின்ன லீக் இருக்கு. நான் விரலால பொத்திக்கொண்டு நிக்கிறன். சீரியஸ்லி, வந்து பாருங்கோ," என்றாள். உள்ளேயிருந்து, முதல் வந்தவனும் லீக் என்றுதான் சொன்னவன் என்றும், எதென்றாலும் எழுத்தில் தரும்படியும் பதில் வந்தது. அவள் அறிவித்தல் ஒன்றின் பின்பக்கத்தில் விடயத்தை எழுதி, கையெழுத்து வைத்து, கதவுக்குக் கீழால் தள்ளினாள். அடையாள அட்டையையும் ஜன்னல் கண்ணாடியில் பிடித்தாள். மரியரட்ணம் கண்ணாடியில் மெல்லிய தாளை வைத்து அட்டையிலிருந்த கையெழுத்தைப் பென்சிலால் பிரதி எடுத்து, கடிதத்திலிருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அட்டையில் இருந்தது வடிவான, ஓடும் எழுத்து. கடிதத்தில் இருந்தது கோழி கிளறிய மண். இரண்டும் ஒரே கை இல்லை என்பது அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. அன்று பிற்பகலே கொம்பனிக்கு எழுதினார்.

கொம்பனியின் பதில்கள் மூன்றையும் அவர் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். ஜூன் மாதம் வந்த முதல் பதிலில், எங்கள் பரிசோதகர் உங்கள் வீட்டுக்கு வந்தார், ஒருவரும் கதவு திறக்கவில்லை என்று இருந்தது. வந்தவர் இன்னும் நிற்கிறார், ஆனால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மரியரட்ணம் எழுதினார். கையெழுத்து ஒத்துப்போகாதவர் எங்கள் ஊழியராக இருக்க முடியாது, உள்ளே விடவேண்டாம் என்று ஜூலையில் பதில் வந்தது. அப்படியென்றால் இவரை அப்புறப்படுத்துங்கள் என்று எழுதினார். எங்கள் ஊழியர் தற்போது உங்கள் விலாசத்தில் கடமையில் இருக்கிறார், அவருக்கு ஒத்துழைக்கவும் என்று செப்டெம்பரில் பதில் வந்தது. மூன்று பதில்களிலும் ஒரே அதிகாரியின் ஒரே கையெழுத்து அச்சடிக்கப்பட்டிருந்தது. மரியரட்ணம் மூன்றிலும் சிவப்பு மையால் கீழ்க்கோடு இட்டார். ஒரு கையெழுத்து அப்படி மயிரிழையும் பிசகாமல் மூன்று தடவை விழுமானால், அதுவும் நம்பக்கூடியது இல்லை.

வாசலில் நின்றவளுக்கு அந்த மாதங்கள் பெரிய குறையாகப் போகவில்லை. கால் வீங்கவில்லை. நின்றபடி, நெற்றியைச் சுவரில் சாய்த்து நித்திரை கொள்வாள். கட்டாயத் தேவைகளுக்கு அவளுடைய உடம்பு கடமை முடியும்வரை காத்திருப்பதாக ஒத்துக்கொண்டிருந்தது. தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் மோல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து வந்து, சீப்பால் தலை இழுத்து விட்டு, மேலாடையை மாற்றிக்கொண்டு போவாள். அந்த வீட்டைப் பார்த்து ஒரு சொல்லும் பேசமாட்டாள், ஆனால் போகும்போது கேற்றை அடித்துச் சாத்துவாள். ஜூலை மாதத்து வெயில் படியில் நின்றது, அவளில் நிற்கவில்லை. ஒக்டோபரில் முன்னால் நின்ற மேப்பிள் மரம் முற்றம் முழுக்க இலை கொட்டியது. அவளைச் சுற்றி ஒரு முழ வட்டத்துக்கு ஒன்றும் விழவில்லை. தபால்காரர் கடிதங்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவள் இடது கையால் வாங்கி, கதவுத் துவாரத்தால் உள்ளே போடுவாள். தன்னைப் பற்றிய கடிதங்களையும் அப்படியே போடுவாள்.

வீட்டுக்குள் நடந்ததைக் கிளடிஸ்தான் முதலில் கவனித்தாள். வாசலில் அந்தப் பெண் தும்மினால் குசினியில் அடுப்பு நெருப்பு ஒருக்கால் துள்ளியது. அவள் நித்திரை கொண்டால் நெருப்பு நீலமாகித் தணிந்தது. தெருவால் போன யாரோ பகிடி விட்டு அவள் சிரித்த ஒரு நாளில் கேத்தில் தண்ணீர் அரை நிமிடத்தில் கொதித்தது. கிளடிஸ் இதை மனிசனுக்குச் சொன்னாள். மரியரட்ணம் நாள், நேரம் போட்டு எழுதி வைத்தார். எரிபொருள் விநியோகத்தில் வெளியார் தலையீடு என்று தலைப்பிட்டார். முன் வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா வேறு விதமாகச் சொன்னார். அவர் நகரசபை விடயங்களில் ஊரறிந்தவர், தன்னுடைய கராஜுக்கு மூன்று தரம் அபராதம் கட்டியவர்.

"அண்ணை, உவள் காஸ் ஆளில்லை. உவள் சிற்றி ஹோலின்ர ஆள். உங்கட பேஸ்மென்டில எத்தினை தலை இருக்கெண்டு எண்ண விட்டிருக்கினம்."

"இத்தினை மாதமாவோ எண்ணுறது, ஐசே?"

"அவங்களுக்கு எண்ணத் தெரியாது, அதுதான் நேரம் எடுக்குது."

மரியரட்ணம் சிரிக்கவில்லை. பேஸ்மென்டின் பக்கக் கதவு வாசற்படிக்கு நேரே தெரியும். அதனால் மே மாதத்திலிருந்தே மஃரூப் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகிவிட்டான். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அவன் முன் கதவால் வெளியே போவான். கிளடிஸ் தெருவுக்கே கேட்க, "போட்டு வாங்கோ தம்பி, அடுத்த கிழமையும் கட்டாயம் வாங்கோ," என்பாள். "சரி அன்ரி, வீட்ட எல்லாருக்கும் சொல்லுங்க," என்று மஃரூப் சாப்பாட்டுப் பெட்டியோடு இறங்கிப் போவான். அன்று பின்னேரம் ஐந்தரைக்கு மணியை அடித்து, "இந்தப் பக்கமா வந்தன், அப்பிடியே பாத்துட்டுப் போவம்னு," என்று திரும்ப வருவான். வாரத்தில் ஆறு நாள், ஏழு மாதத்துக்கு மேல், அவன் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தான். இதில் கவனிக்க வேண்டியது, மஃரூபின் தொழில் பிளம்பிங். குழாயில் வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துச் சொல்ல அந்த வீட்டில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அந்த வீட்டில் இல்லாதவன் என்பதால், விருந்தாளி குழாயைக் குனிந்து பார்ப்பது வடிவில்லை என்பதால், அவன் பார்க்கவில்லை.

சாப்பாட்டு விடயமும் இப்படித்தான் கெட்டது. என்னதான் சந்தேகம் என்றாலும் வாசலில் நிற்கிற ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பட்டினி போடக் கிளடிஸுக்கு மனம் வரவில்லை. முதல் கிழமையே ஒரு கோப்பையில் சோறும் மீன் குழம்பும் போட்டுப் படிக் கம்பியில் வைத்தாள். அந்தப் பிள்ளை இடது கையால் குழைத்து, இடது கையால் அள்ளி, இடது கையால் சாப்பிட்டது. கிளடிஸ் ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். "தாய் தகப்பன் ஒண்டும் பழக்கேல்லை," என்றாள். அதற்குப் பிறகு றோல்ஸ், பற்றிஸ் மட்டும்தான் கொடுத்தாள். அவற்றை எந்தக் கையால் சாப்பிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு அருவருப்பு இல்லை.

நவம்பர் நடுவில் தபால்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. மரியரட்ணத்தின் வாழ்க்கையில் ஒரு கடிதமும் வராத ஒரு கடிதமும் போகாத நாட்கள் அவை. அவர் பழைய கோப்புகளுக்கு இலக்கம் இட்டுக்கொண்டிருந்தார். பனி விழத் தொடங்கியது. அதுவும் அட்சயாவைச் சுற்றி ஒரு முழம் தள்ளியே விழுந்தது. டிசெம்பர் ஒன்பதாம் திகதி றசீனாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, அஸ்ரா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளையை ஒரு பெரிய உடுப்புப் பைக்குள் வைத்துக் கதவால் கொண்டுவந்தார்கள். பை அழுதது. வாசலில் நின்றவள் வானத்தைப் பார்த்தாள்.

வேலைநிறுத்தம் முடிந்து, ஜனவரி எட்டாம் திகதி கொம்பனியின் கடிதம் வந்தது. இந்த முறை பதில் இல்லை, இறுதி அறிவித்தல். பரிசோதனை முடியாததால் ஜனவரி 27ஆம் திகதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு 38ஆம் இலக்கத்துக்குக் காஸ் நிறுத்தப்படும். அந்தக் கிழமை வெளியே மறை பதினெட்டு பாகைக் குளிர். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் நின்றால் பேஸ்மென்ட் சுவரில் இரண்டு மணித்தியாலத்தில் ஐஸ் பிடிக்கும் என்று மஃரூப் சொன்னான். மரியரட்ணம் கடிதத்தை நாலு தரம் வாசித்தார். கதவைத் திறந்தால் உள்ளே வருகிறவள் பிள்ளையைக் காண்பாள். திறக்காவிட்டால் பிள்ளை விறைக்கும். இதற்கு எந்தத் தலைப்பில் கோப்புத் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜனவரி 18 சனிக்கிழமை பிள்ளைக்கு நாற்பது நாள். றசீனா வட்டிலப்பமும் இனிப்பும் செய்து ஓதி முடித்து, மேல் வீட்டுக்குக் கொடுத்து, பிறகு யாரையும் கேட்காமல், முன் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனாள். நாற்பது நாள் உள்ளே இருந்தவளுக்கு வெளிக்காற்று வேண்டியிருந்தது. அதோடு, பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் நிற்கிற ஒருத்திக்கு இனிப்புக் கொடுக்காமல் விட அவளுக்குச் சரியாகப் படவில்லை. நீட்டினாள். அட்சயா இடது கையை நீட்டினாள்.

"தங்கச்சி, வலக் கையால எடுங்க. புள்ளைக்கு ஓதின இனிப்பு."

"சொறி அக்கா. ஏலாது. வலது கை மே மாசத்தில இருந்து பிஸி."

"நீங்க இடக் கைப் பழக்கம் இல்லையா அப்ப?"

"இல்லையே. இடதால சாப்பிட எனக்கே ஒரு மாதிரி இருக்கு. அன்ரி கேர்ட்டினை இழுத்தவ, நான் கண்டனான்."

றசீனா இனிப்பை அவளுடைய வாயில் வைத்துவிட்டு, குனிந்து, குழாயில் இருந்த விரலைப் பார்த்தாள். பெருவிரல் நகம் எட்டு மாதமாக வளராமல் இருந்தது. உள்ளே போய்க் கிளடிஸிடம் சொன்னாள். கிளடிஸ் முன் அறைக்குப் போய், "இஞ்சேருங்கோ, அவள் இடதுகைக்காரி இல்லையாம். வலதுகையைக் குழாயில இருந்து எடுக்கேலாதாம். நான் அந்தப் பிள்ளைக்கு எட்டு மாசமாச் சோறு குடுக்கேல்லை," என்று சொல்லி அழுதாள்.

மரியரட்ணம் நீலக் கோப்பைத் திறந்து, அவள் எழுதித் தள்ளிய முதலாம் தாளையும் பென்சில் பிரதியையும் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு பேனையை இடது கையில் பிடித்துத் தன்னுடைய கையெழுத்தை வைத்தார். மேசை லாச்சியில் இருந்த தன்னுடைய சாரதிப் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. தன் பரிசோதனையின்படி மரியரட்ணமும் மரியரட்ணம் இல்லை. அவர் எழும்பிப் போய்ச் சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தார்.

"பிள்ளை," என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் எடுத்தார், ஆனால் எட்டு மாதத்துச் சந்தேகம் முந்திக்கொண்டது. "நீர் இஞ்ச நிண்டு எத்தினை பேரைக் கண்டனீர்?"

"நான் மீற்றர் பாக்க வந்தனான் அங்கிள். ஆக்களை எண்ண வரேல்லை." பிறகு கொஞ்சம் யோசித்து, "மஃரூப் அண்ணைக்குச் சொல்லுங்கோ, விருந்தாளி ஆரும் தினம் லஞ்ச் பெட்டியோட வாறேல்லை எண்டு. அந்த உடுப்பு பாக் அழுததுதான் கொஞ்சம் ஓவர்," என்றாள்.

மஃரூப் ஒட்டுகிற ரேப்பும் குழாய்க் கிளாம்பும் கொண்டு விருந்தாளியாக இல்லாமல் ஓடி வந்தான். குனிந்து பார்த்துவிட்டு, உள்ளதுதான், வெடிப்புத்தான், இது மட்டும் விட்டிருந்தா மே மாசமே வீடு போயிருக்கும் என்றான். ரேப் ஒட்டவில்லை, அவள் விரலை ஒரு நூல் அளவு தூக்கியபோது குசினியில் நெருப்பு புகைக்கூண்டு வரை எழும்பியது. கிளடிஸ் கத்தினாள். விரல் மாற்றியும் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் அந்த வெடிப்பு வலது பெருவிரலின் ரேகைக்கே பழகியிருந்தது. வேறு விரலை ஏற்கவில்லை. கொம்பனியின் அவசர இலக்கத்துக்கு ஃபோன் அடித்தார்கள். இருபது நிமிடத்தில் இரண்டு பேர் கருவியோடு வந்து குழாயைச் சுற்றி மணம் பிடித்தார்கள். கருவி பூச்சியம் காட்டியது. கசிவு இல்லை என்றார்கள். இந்தப் பிள்ளை பொத்திக்கொண்டிருப்பதால்தான் இல்லை என்று மரியரட்ணம் விளங்கப்படுத்தினார். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள், வியக்கவில்லை. இந்தக் குளிருக்கு விரலால் பொத்திய இன்னும் இரண்டு குழாய் இதே தொகுதியில் இருப்பதாகச் சொன்னார்கள். குழாய் மாற்றுகிற அணி கருவியின் இலக்கத்தை வைத்துத்தான் வரும், பூச்சியத்துக்கு ஏப்ரல் மாதம் என்றார்கள். அவர்களில் மூத்தவர் போகும்போது திரும்பி, வீட்டில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கருவி என்ன காட்டினாலும் மூன்று நாளில் வருவார்கள், காஸ் நிறுத்துவதும் அதோடு நிற்கும் என்றார். வீட்டுக்காரரே தன் கையால் எழுதி, இருப்பவர்கள் எல்லோருடைய பெயரும் வயதும் போட்டு, கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். கையில் இருந்த திரையைத் தட்டிப் பார்த்தார். இங்கே இரண்டு பேர், முதியவர்கள் என்று இருக்கிறது என்றார்.

மரியரட்ணம் அன்றும் எழுதவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் எழுதவில்லை. அவருக்கு எழுதப் பஞ்சியோ சோம்பலோ இல்லை. 1997ஆம் ஆண்டு கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தபோது, வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் பொலிசில் பதிய வேண்டும் என்று படிவம் வந்தது. வடிவான எழுத்து என்பதால் மரியரட்ணத்திடம்தான் நிரப்பக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது நாள் தங்கியிருந்த கிளடிஸின் தம்பி சூசைதாசனின் பெயரையும் நாலாவது வரியில், வயது இருபத்திரண்டு என்று, ஒரு எழுத்தும் பிழையில்லாமல் எழுதினார். பதினொரு நாள் கழித்து வந்தவர்கள் கையில் அந்தப் படிவம் இருந்தது. நாலாவது வரியை வாசித்தார்கள். எழுத்து தெளிவாக இருந்ததால் வாசிக்கத் தடங்கவில்லை. சூசைதாசனைப் பற்றிப் பிறகு அவர் எழுதிய கடிதங்கள் நூற்றுப் பதினேழு. பதில் வந்தவை ஆறு. ஆறிலும் அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை என்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் படிவத்திலும் தன்னையும் கிளடிஸையும் தவிர ஒருவரையும் எழுதவில்லை. இது வீட்டில் பேசப்படுவதில்லை. கிளடிஸ் ஒருநாளும் அவரைக் குற்றம் சொன்னதில்லை. அதுவும் பேசப்படுவதில்லை.

இருபதாம் திகதி திங்கட்கிழமை காலை மஃரூபும் றசீனாவும் மேலே வந்தார்கள். பிள்ளை றசீனாவின் தோளில் நித்திரை.

"எங்கட பேரையும் எழுதுங்க அங்கிள்," என்றாள் றசீனா.

"பிள்ளை, எழுதினா அது எங்கயெங்க போகுமெண்டு ஆருக்கும் தெரியாது. நாளைக்குச் சிற்றியில இருந்து வருவாங்கள்."

"வரட்டும். வந்தா நாங்க இருக்கிறமெண்டு தெரியட்டும். இப்ப வீடு பத்தினாலும் ரெண்டு பேரைத்தானே தேடுவாங்க?"

மரியரட்ணம் கிளடிஸைப் பார்த்தார். கிளடிஸ் குசினி மேசையைத் துடைத்து, கதிரையை இழுத்துவிட்டாள். "எழுதுங்கோ," என்றாள். "நான் பக்கத்தில இருக்கிறன்."

அவர் வலப்பக்கம் திகதி போட்டார், இடப்பக்கம் விலாசம் போட்டார், நடுவில் விடயம் எழுதிக் கோடு இட்டார். மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, மேற்படி இலக்க வீட்டில் இதை எழுதும் நேரத்தில் இருப்பவர்களும் அவர்கள் இருக்கும் இடங்களும் பின்வருமாறு. மரியரட்ணம், எழுபது, குசினி மேசையில், யன்னல் பக்கம். கிளடிஸ், அறுபத்தைந்து, அவருக்கு இடப்பக்கத்தில். மஃரூப், முப்பத்திரண்டு, எதிரே, நின்றபடி. நாலாவது வரிக்கு வந்ததும் பேனை நின்றது. கிளடிஸ் கையை எடுத்து மேசையில் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள், தொடவில்லை. றசீனா, இருபத்தெட்டு, மஃரூபுக்குப் பக்கத்தில் என்று எழுதினார். அஸ்ரா, நாற்பத்திரண்டு நாள், தாயின் இடது தோளில். பிறகு, அட்சயா, உங்கள் ஊழியர், இருபத்தேழு, வாசற்படியில், வலது கை குழாயில், உடல்நலத்துடன்; அவருடைய கையெழுத்துத் தொடர்பாக நான் முன்னர் எழுதிய அனைத்தையும் இத்தால் மீளப் பெறுகிறேன். பேஸ்மென்ட் கட்டிலின் இடத்தையும் மீற்றர் அலுமாரியின் இடத்தையும் ஒரு சிறு படம் போட்டுக் காட்டினார். பழைய எழுத்துத்தான், ஒரு எழுத்தும் பிழையில்லை, தெளிவாக இருந்தது. கையெழுத்து வைத்தார்.

மஃரூப் வேலைக்குப் புறப்பட்டான். பக்கக் கதவால் போனான். ஒருவரும் அவனை அடுத்த கிழமையும் வரச் சொல்லவில்லை. கிளடிஸ் சோறும் மீன் குழம்பும் கொண்டு வாசலுக்குப் போய், குழைத்து, வலது கையால் உருட்டி அட்சயாவுக்குத் தீத்தினாள்.

"அன்ரி, உறைப்பு," என்றாள் அட்சயா.

"எட்டு மாசத்து உறைப்பு. பேசாமத் தின்."

உள்ளே அடுப்பு நெருப்பு நிமிர்ந்து நின்று எரிந்தது. மரியரட்ணம் மேலங்கி, தொப்பி, மஃப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு உறையோடு வெளியே வந்தார். குளிருக்கு உறையின் பசை ஒட்டவில்லை. இரண்டு தரம் நாவால் நனைத்தும் வாய் பிளந்துகொண்டது. அட்சயா இடது கையை நீட்டி வாங்கி, கதவு நிலையில் வைத்து, இடது பெருவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒருமுறை அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது.

சந்தியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் சிவப்புத் தபால் பெட்டி இருந்தது. வழியில் ஸ்ரீஸ்கந்தராசா பனி அள்ளிக்கொண்டு நின்று, "என்னண்ணை, ஆருக்குக் கடிதம்?" என்று கேட்டார். மரியரட்ணம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். கூரைக்கு மேலே ஃபேர்னஸின் வெள்ளை ஆவி, வாசலில் நிற்கிறவளின் மூச்சோடு சேர்ந்து ஏறி, நின்று, ஏறிக்கொண்டிருந்தது. "எங்கட வீட்டில ஆறு பேர் ஐசே," என்று சொல்லிவிட்டு நடந்தார். பெட்டியின் மூடியை இழுத்து உறையைப் போட்டார். மூடியை விட்டார். பழக்கத்தில் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். உள்ளே விழுந்திருந்தது.